பேர் வில்லுக்கு, வேலை அம்புக்கு



சென்ற மாதம் காம்பவுண்ட் வில் பிறந்த கதையைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்த என் மாணவர் ஒருவர், இப்போது அமெரிக்காவில் இருப்பவர், இப்படிக் கேட்டார்: "சார், வில்லைப் பற்றி எழுதினீர்கள். இங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் வில்லை ஒரே நாளில் வாங்கிவிடுகிறார்கள். அம்பைத் தேர்ந்தெடுக்கத்தான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒரு குச்சியில் அப்படி என்ன இருக்கிறது?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஏறக்குறைய பதினோராயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டும். பதிவு நீளமானது. ஒரு தேநீரோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்காரன் அல்ல. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். அந்தச் சட்டம் வேண்டியதுதான் என்பது என் கருத்து. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மான் வேட்டை, உரிமம் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கையில் நடப்பது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்க வரிசையில் நிற்கிற நான், அவர்களைப் பார்த்து முகம் சுளிப்பது முறையல்ல. ஆனால் ஒன்றைக் கேட்கலாம்: கொல்வது என்று முடிவு செய்த பிறகு, அந்த விலங்கு துன்பப்படாமல் சாக என்ன செய்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அம்பில்தான் இருக்கிறது.

துப்பாக்கிக் குண்டும் அம்பும் ஒன்றல்ல. வேட்டைத் துப்பாக்கியின் குண்டு மிகுந்த வேகத்தில் போய், உள்ளே பெரிய அதிர்ச்சியை உண்டாக்கி விலங்கைச் சாய்க்கிறது. அம்புக்கு அந்த வேகம் இல்லை. அது கத்தியைப் போல அறுத்துக்கொண்டு போக வேண்டும். நுரையீரலையும் இதயத்தையும் கடந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டால், மான் சில நொடிகளில் விழுந்துவிடும். பாதியில் நின்றுவிட்டாலோ, எலும்பில் பட்டு விலகிவிட்டாலோ, அது காயத்தோடு ஓடி, யாருக்கும் கிடைக்காத ஏதோ ஒரு புதரில் மெல்லச் சாகும். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு சில கிராம் எடையும், ஒரு குச்சியின் விறைப்பும், ஒரு முனையின் கூர்மையும்தான்.

இதைப் புரிந்துகொள்ள நம் சின்ன வயது விளையாட்டே போதும். மூங்கில் சிம்பை வளைத்துச் சணல் கட்டி வில் செய்வோம். தென்னை ஈர்க்குதான் அம்பு. வெறும் ஈர்க்கை விட்டால் அது காற்றில் குட்டிக்கரணம் அடிக்கும். நுனியில் கொஞ்சம் களிமண்ணையோ தாரையோ உருட்டி வைத்தால் நேராகப் போகும். முன்பக்கம் கனமாக இருந்தால்தான் அம்பு நேராகப் பறக்கும் என்பதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. கை கற்றுக்கொண்டது. மிகவும் மெல்லிய ஈர்க்கை எடுத்தால் நாணை விட்டதும் நெளிந்து எங்கோ போகும். தடித்ததை எடுத்தால் பக்கத்திலேயே விழும். வில்லுக்கு ஏற்ற குச்சி என்று ஒன்று உண்டு. இந்த இரண்டு விதிகளும்தான் இன்றுவரை அம்பின் மொத்த இலக்கணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அருகே ஸ்டெல்மூர் என்ற இடம். 1930களில் ஆல்ஃபிரட் ருஸ்ட் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டியபோது, சேற்றில் புதைந்து அழியாமல் இருந்த சுமார் நூறு அம்புகளின் துண்டுகள் கிடைத்தன. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன், பனிமான் வேட்டையாடியவர்கள் விட்டுச் சென்றவை. எல்லாம் பைன் மரம். அவற்றில் பல ஒரே குச்சியாக இல்லை. பின்பக்கம் நீண்ட தண்டு, முன்பக்கம் தனியாகச் செருகிய ஒரு குட்டைத் தண்டு. குத்தும்போது உடைவது முன் துண்டுதான். பாடுபட்டு நிமிர்த்திய நீண்ட தண்டு மிஞ்சும், புது முன்தண்டைச் செருகினால் அம்பு மறுபடி தயார். இன்று கடையில் வாங்கும் அம்பின் முனையைத் திருகிக் கழற்றி மாற்றுகிறோமே, அதன் முப்பாட்டன் இது. அந்த ஸ்டெல்மூர் அம்புகள் இப்போது இல்லை. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கீல் நகர அருங்காட்சியகத்தோடு எரிந்துபோயின. 11,000 ஆண்டு சேற்றில் பிழைத்தது, இருபதாம் நூற்றாண்டில் பிழைக்கவில்லை.

அடுத்து ஊட்சி. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதன். அவனுடைய அம்பறாத்தூணியில் 14 அம்புத்தண்டுகள் இருந்தன. அவற்றில் முழுதாக முடிந்தவை இரண்டே இரண்டு. மற்ற 12 தண்டுகளும் பாதி வேலையில் நிற்கின்றன. அவன் கையிலிருந்த யூ மர வில்லும் செதுக்கி முடிக்காததுதான். முடிந்த இரண்டு அம்புகளைப் பாருங்கள்: தண்டு வைபர்னம் என்ற புதர்ச்செடியின் நேரான கிளை, முனை சிக்கிமுக்கிக் கல், பின்னால் மூன்று இறகுகள் பிர்ச் மரத் தாரால் ஒட்டி நூலால் நெருக்கிச் சுற்றப்பட்டவை. அவனைச் சுற்றிலும் பெரிய மரங்கள் இருந்தும் அம்புக்கு ஒரு புதரைத் தேடிப் போயிருக்கிறான். நேராகவும் விறைப்பாகவும் ஒரே சீரான தடிமனாகவும் வளர்வது அந்தப் புதர் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் இறந்ததும் அம்பால்தான். இடது தோளுக்குள் கல் முனை ஒன்று தங்கியிருந்ததை 2001இல் எக்ஸ்ரே படத்தில் கண்டுபிடித்தார்கள்.

ஆப்பிரிக்காவின் கலஹாரியில் சான் மக்கள் முற்றிலும் வேறு வழியில் போனார்கள். அவர்கள் வில் சிறியது, அம்பு மெல்லிய நாணல், பெரும்பாலும் இறகுகூட இல்லை. அது எப்படிப் பெரிய மானைக் கொல்லும்? ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சை முனைக்குப் பின்னால் தடவுகிறார்கள். முனை தோலுக்குள் போனால் போதும். அம்பையும் பல துண்டுகளாகத்தான் செய்கிறார்கள். விலங்கு ஓடும்போது தண்டு கழன்று விழுந்துவிடும், நஞ்சு பூசிய முனை உள்ளேயே தங்கும். கொல்வது நஞ்சு என்பதால் அம்புக்கு எடை தேவையில்லை. கொல்வது வெட்டு என்றால் எடை வேண்டும். ஆகவே "நல்ல அம்பு எது?" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. எந்த வில்லுக்கு, எந்த விலங்குக்கு, எப்படிக் கொல்வதற்கு என்று கேட்க வேண்டும். ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் போருக்கு ஒரு முனை, வேட்டைக்கு ஒரு முனை என்று பிரித்தே வைத்திருந்தார்கள். கவசத்தைத் துளைக்க ஊசிபோல் குறுகியது, மானை அறுக்க அகன்ற இலைபோன்றது.

துப்பாக்கி வந்த பிறகு இந்த அறிவெல்லாம் மெல்ல மறைந்தது. அது அமெரிக்காவில் மறுபடி தலையெடுத்த விதம் விசித்திரமானது.

உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படையில் இருந்த மாரிஸ் தாம்ப்சன், வில் தாம்ப்சன் என்ற சகோதரர்கள், போர் முடிந்த பின் ஃபுளோரிடாக் காடுகளில் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடினார்கள். மாரிஸ் அந்த அனுபவத்தை எழுதி 1878இல் நூலாக வெளியிட்டார். படித்தவர்கள் வில்லைத் தேடி ஓடினார்கள். அடுத்த ஆண்டே தேசிய வில்வித்தைச் சங்கம் தொடங்கியது. ஆனால் பெரும்பாலோருக்கு அது புல்தரையில் குறிபார்க்கும் விளையாட்டாகத்தான் இருந்தது.

வேட்டை அம்பின் பழைய அறிவு ஒரே ஒரு மனிதரிடமிருந்து வந்து சேர்ந்தது. 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊர் ஓரத்தில் பசியோடு ஒருவர் தென்பட்டார். யாகி இனத்தில் உயிரோடு மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் குடியேறியவர்களின் கொலையிலும் நோயிலும் பசியிலும் அழிந்திருந்தார்கள். தன் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. இஷி என்று மற்றவர்கள் அழைத்தார்கள். அவருடைய மொழியில் அதற்கு 'மனிதன்' என்றே பொருள். மானிடவியலாளர் ஆல்ஃபிரட் க்ரோபர் அவரைச் சான் பிரான்சிஸ்கோவின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார். அங்கே அவருக்கு மருத்துவம் பார்த்தவர் சாக்ஸ்டன் போப். மருத்துவர் நோயாளியிடம் மாணவரானார்.

இஷி அம்பு செய்வதைப் போப் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். ஹேசல் புதரின் கிளைகளை வெட்டிக் காயவைப்பது, நெருப்பனலில் வாட்டிக் கோணலை நிமிர்த்துவது, முன்தண்டு செருகுவது, எரிமலைக் கண்ணாடிக் கல்லிலோ உடைந்த பாட்டிலிலோ முனை செதுக்குவது என எல்லாமே. 1916இல் இஷி காசநோயால் இறந்தார். போப் 1923இல் வில் அம்பு வேட்டையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இன்றைய வில் வேட்டைக்காரர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அந்த நூலின் பிள்ளைகள். அந்த நூல் இஷியின் கைவேலையின் பிள்ளை. ஒரு மக்கள்கூட்டத்தை அழித்த நாடு, அதன் கடைசி மனிதரிடம் அம்பு செய்யக் கற்றுக்கொண்டது. வரலாறு நடத்தும்போது இது போன்ற இடங்களில் நான் சற்று நேரம் பேசாமல் நிற்பது வழக்கம்.

சரி, அடுத்த கட்டம் விஞ்ஞானம்.

பழைய வில்லில் அம்பு வில்லின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். வலக்கைக்காரர் வில்லைப் பிடித்தால், நாணில் மாட்டிய அம்பு உண்மையில் இலக்குக்குச் சற்று இடப்புறம் நோக்கி இருக்கும். ஆனால் விட்டால் நேராகப் போய் இலக்கில் குத்தும். இது எப்படி? 'வில்லாளியின் புதிர்' என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள். 1930களில் பால் க்ளாப்ஸ்டெக் என்ற இயற்பியலாளரும், பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற விஞ்ஞானியும் இதை ஆராய்ந்தார்கள். ஹிக்மன் இளமையில் ராக்கெட் முன்னோடி காடர்டிடம் வேலை செய்தவர். அதிவேகப் படக்கருவியில் பதிவுசெய்து பார்த்தபோது புதிர் அவிழ்ந்தது. நாண் தள்ளும் தள்ளலில் அம்பு பாம்புபோல வளைகிறது, வில்லின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு போகிறது, பிறகு அதிர்ந்து அதிர்ந்து நிமிர்கிறது. கண்ணுக்கு நேராகத் தெரியும் அம்பு நெளிந்துகொண்டுதான் பறக்கிறது!

ஆகவே அம்பின் விறைப்பு வில்லின் வலுவோடு பொருந்த வேண்டும். வலக்கைக்காரருக்கு, அம்பு அதிக விறைப்பாக இருந்தால் இடப்புறம் போகும், தொய்வாக இருந்தால் வலப்புறம் போகும். இந்த விறைப்புக்கு 'ஸ்பைன்', அதாவது முதுகெலும்பு என்று பெயர். ஊட்சியும் இஷியும் விரலால் வளைத்துப் பார்த்து அறிந்ததற்கு இப்போது அளவுகோல் வந்தது. ஓரிகன் கடற்கரையில் வளரும் போர்ட் ஆர்ஃபர்ட் சீடார் மரத்தண்டுகளை இரண்டு முட்டின்மேல் வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளந்து தரம் பிரித்து விற்றார்கள்.

ஆனால் மரம் மரம்தான். ஒரே மரத்தில் எடுத்த இரண்டு குச்சிகள்கூட ஒன்றுபோல் இருக்காது. மழை ஈரத்தில் கோணிவிடும். இந்தத் தொல்லையைத் தீர்க்க நினைத்தவர் கலிபோர்னியாவில் அம்பு செய்துவந்த டக் ஈஸ்டன். 1939இல் அவர் அலுமினியக் குழாயில் அம்பு செய்தார். 1941இல் லாரி ஹியூஸ் என்பவர் அந்த அம்புகளைக் கொண்டு அமெரிக்க தேசியப் போட்டியில் வென்றார். போர்க்காலத்தில் அலுமினியம் எல்லாம் போர்த் தேவைக்குப் போனது. போர் முடிந்த பிறகுதான் அலுமினிய அம்பு பரவியது. அதன்மேல் 2117 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வெளிவிட்டம்: அங்குலத்தின் 64 பாகத்தில் 21 பாகம். அடுத்த இரண்டு இலக்கம் குழாயின் தடிமன்: அங்குலத்தின் ஆயிரத்தில் 17 பாகம். இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு என்று படிக்கக் கூடாது, இருபத்தொன்று பதினேழு என்று படிக்க வேண்டும். எல்லாக் குழாயும் ஒரே அச்சு. முதன்முறையாக ஒரு வேட்டைக்காரர் பன்னிரண்டு அம்பு வாங்கினால் பன்னிரண்டும் ஒரே அம்பாக இருந்தன.

இந்த நேரத்தில்தான் வில் மாறியது. மிசௌரி மாநிலத்தின் ஹாலஸ் வில்பர் ஆலன், வில்லின் முனைகளில் சக்கரங்களைப் பொருத்தி, நாணைக் கம்பிவடத்தோடு இணைத்தார். 1966இல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். அதுதான் காம்பவுண்ட் வில். சென்ற பதிவில் சொன்னதுபோல, இழுக்கத் தொடங்கும்போது கனமாக இருந்து, முழுதும் இழுத்ததும் சக்கரம் திரும்பி லேசாகிவிடும். 70 பவுண்டு வில்லில் 80 சதவீதம் குறைந்தால், பிடித்துக்கொண்டு நிற்க 14 பவுண்டு பலம் போதும். ஆனால் அதே இழுவிசையுள்ள பழைய வில்லைவிட மிக அதிகமான ஆற்றலை அது தேக்கி வைத்திருக்கும். அந்த ஆற்றல் முழுவதும் ஒரு நொடியில் சிறு பங்குக்குள் எங்கே போகிறது? அந்தக் குச்சிக்குள்தான். எனவே காம்பவுண்ட் வில்லில் மர அம்பு வைக்கக் கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. 1980களில் கார்பன் நார் வந்தது. இன்று பெரும்பாலான வேட்டை அம்புகள் கார்பன்தான். வளைந்தால் பழைய நிலைக்குத் திரும்பும், அல்லது உடையும். அலுமினியம்போல் பாதி வளைந்து நம்மை ஏமாற்றாது.

வில் நவீனமாகிவிட்டது, இனி எந்த அம்பும் போகும் என்று நினைத்தால் அங்கேதான் தவறு. வில்லின் பலம் கூடக் கூட, அம்பைத் தேர்ந்தெடுப்பது இன்னும் கண்டிப்பான வேலையாகிவிட்டது. இன்றைய வேட்டைக்காரர் முன்னால் நான்கு கேள்விகள் நிற்கின்றன.

முதல் கேள்வி விறைப்பு. கார்பன் அம்பில் 500, 400, 340, 300 என்று எண் இருக்கும். 28 அங்குல இடைவெளியில் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடை தொங்கவிட்டால், 400 அம்பு அங்குலத்தின் ஆயிரத்தில் 400 பாகம் தொய்யும். நம் கணக்கில் சுமார் 10 மில்லிமீட்டர். எண் குறைந்தால் விறைப்பு கூடும் என்பதை மறக்கக் கூடாது. 60 பவுண்டு வில், 28 அங்குல அம்பு என்றால் பெரும்பாலும் 400க்குப் பக்கத்தில் நிற்கும். அம்பு நீளமானால் அதிகம் நெளியும், முனையில் கனம் ஏற்றினாலும் அதிகம் நெளியும். ஆகவே நீளத்தையோ முனையையோ மாற்றினால் விறைப்பையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும்.

இரண்டாவது எடை. அம்பை 'கிரெய்ன்' என்ற அளவில் நிறுக்கிறார்கள். அதன் பொருள் தானிய மணி. நாம் குன்றிமணியில் பொன் நிறுத்தோம், அவர்கள் தானிய மணியில் நிறுத்தார்கள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பதினைந்தரை கிரெய்ன். வில்லின் ஒவ்வொரு பவுண்டு இழுவிசைக்கும் அம்பில் குறைந்தது 5 கிரெய்ன் வேண்டும் என்பது நெடுநாளைய விதி. 70 பவுண்டுக்கு 350. அதற்குக் கீழே போனால், அம்பே இல்லாமல் நாணை விட்டதுபோல் ஆகி, வில்லே தெறித்துவிடக்கூடும்.

இங்கேதான் காம்பவுண்ட் வில்லின் காலத்துப் பெரிய சண்டை: வேகமா, எடையா? விளம்பரங்கள் வேகத்தையே பேசின. லேசான அம்பு வேகமாகப் போகும், குறைவாகத் தாழும், தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் குறி தப்பாது என்பது அந்தக் கட்சி. அதில் நியாயம் உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். 400 கிரெய்ன் அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் போகிறது, அதே வில்லில் 600 கிரெய்ன் அம்பு 235 அடி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 அடி தூரத்தைக் கடப்பதற்குள் முதல் அம்பு சுமார் 3 அடி தாழும், இரண்டாவது நாலேகால் அடி தாழும். தூரம் சரியாகத் தெரியாதவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

ஆனால் மறுபக்கக் கணக்கையும் பாருங்கள். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் முதல் அம்புக்கு 1,12,000, இரண்டாவதற்கு 1,41,000. பள்ளியில் உந்தம் என்று படித்தோமே, அதுதான். எலும்பில் பட்டாலும் நிற்காமல் தள்ளிக்கொண்டு போகும் குணம் கனமான அம்புக்குக் கால்பங்கு அதிகம். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் எட் ஆஷ்பி என்பவர், உண்மையான விலங்குகளில் அம்பு எவ்வளவு தூரம் ஊடுருவுகிறது என்று விரிவாகப் பதிவு செய்தார். கனமான அம்பு, முன்பக்கம் அதிக எடை, முறியாத முனை என்பது அவர் கட்சி. பெரிய எலும்பை உடைக்க 650 கிரெய்ன் வேண்டும் என்றார். சாதாரண மானுக்கு அவ்வளவு எதற்கு என்பவர்களும் உண்டு. பெரும்பாலோர் 420க்கும் 550க்கும் நடுவில் ஓரிடத்தில் நிற்கிறார்கள்.

வேகத்தை நம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும். 90 அடி தூரத்தில் நிற்கும் மானின் காதுக்கு நாணின் ஓசை 0.08 நொடியில் போய்விடும். 280 அடி வேக அம்பு போய்ச்சேர 0.32 நொடி ஆகும். ஏறக்குறைய கால் நொடி மானுக்குக் கிடைக்கிறது. மிரண்ட மான் துள்ளி ஓடுவதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும், மேலே பட வேண்டிய அம்பு தப்பும் அல்லது தப்பான இடத்தில் படும். அம்பின் வேகத்தை 300 அடியாக்கினால் மிச்சமாவது 0.02 நொடி. காதோடு போட்டிபோட்டு எந்த அம்பும் ஜெயிக்காது. பக்கத்தில் போவதும், ஓசையைக் குறைப்பதும்தான் வழி. கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகம் வாங்கிக்கொள்வதால் வில் குறைவாகச் சத்தம் போடும். இஷியின் வேட்டையில் காத்திருப்புக்கும் பதுங்கிச் செல்வதற்கும் இருந்த இடத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, எடை எங்கே இருக்கிறது என்பது. நம் ஈர்க்கு நுனிக் களிமண் பாடம். அம்பை விரலில் வைத்து நிறுத்தினால், அது சமனாக நிற்கும் புள்ளி நடுவிலிருந்து முன்னால் தள்ளி இருக்க வேண்டும். மொத்த நீளத்தில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் இருப்பது பொதுவான அளவு.

நான்காவது முனையும் இறகும். வேட்டைக்கு அகன்ற அலகுள்ள முனை. அசையாத அலகு ஒருவகை, பட்டதும் விரியும் அலகு இன்னொரு வகை. விரிவது பெரிய வெட்டுப் போடும், ஆனால் விரிவதற்கே கொஞ்சம் ஆற்றலைச் செலவழிக்கும், கீலும் பழுதாகலாம். வலு குறைந்த வில் வைத்திருப்பவருக்கு அசையாத அலகே நம்பகம். முன்னால் அகன்ற அலகு இருந்தால் அதுவே ஒரு சிறகாகிக் காற்றில் அம்பைத் திருப்பப் பார்க்கும். அதை அடக்க, பின்னால் போதிய இறகு, சற்றுச் சாய்த்து ஒட்டியதாக இருக்க வேண்டும். பயிற்சி முனையில் நன்றாகப் போன அம்பு வேட்டை முனையில் தடுமாறுவது இதனால்தான். எந்த முனையோடு காட்டுக்குப் போகிறோமோ அதே முனையோடு பழக வேண்டும். சவரக் கத்தி போன்ற கூர்மையும் வேண்டும். மழுங்கிய முனை நரம்பைத் தள்ளிவிட்டுப் போகும், கூரியதுதான் அறுக்கும்.

ஒரு பாதுகாப்புச் செய்தி. விளையாட்டாக வில் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கார்பன் அம்பு எங்காவது மோதியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். அடுத்த முறை நாணை விடும்போது வெடித்துச் சிதறிக் கையில் பாயும். ஒவ்வொரு முறையும் எடுக்கும்போது மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கேட்டு, விரலால் திருப்பிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் முறித்துப் போட்டுவிட வேண்டும். அம்பின் விலை விரலின் விலையைவிடக் குறைவு.

கடைசியாக, சட்டத்தின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தை வேட்டையாடியதில் அமெரிக்காவின் வெண்வால் மான் 1900 வாக்கில் சில லட்சங்களாகச் சுருங்கிவிட்டது. 1900இல் லேசி சட்டம், பிறகு வேட்டைப் பருவங்கள், 1937இல் துப்பாக்கி தோட்டா மீதான தீர்வையை வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கிய சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே மான் வேட்டைப் பருவத்தைத் திறந்தது. 1972இல் வில் அம்பின் மீதான தீர்வையும் அந்த நிதியில் சேர்ந்தது. இன்று அங்கே அம்புத்தண்டு ஒவ்வொன்றுக்கும் தீர்வை உண்டு. மான்கள் மறுபடி கோடிக்கணக்கில் பெருகியதில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. 1972 என்ற ஆண்டைக் கவனியுங்கள். நாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே ஆண்டில் அவர்கள் வேட்டை அம்பின் தீர்வையைக் காட்டுக்குத் திருப்பினார்கள். இரண்டு நாடுகள், இரண்டு வழிகள். எது சிறந்தது என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

பதினோராயிரம் ஆண்டுகளில் கல் இரும்பானது, பைன் கார்பனானது, வில்லில் சக்கரம் ஏறியது. கேள்வி மட்டும் மாறவில்லை: இந்த வில்லுக்கு ஏற்ற விறைப்பா? இந்த விலங்குக்கு ஏற்ற எடையா? முனை கூராக இருக்கிறதா? ஸ்டெல்மூர் வேட்டைக்காரனுக்குப் பதில் தப்பினால் குடும்பம் பட்டினி. இன்றைய வேட்டைக்காரருக்குப் பதில் தப்பினால் அவருக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் குளிர்பதனப் பெட்டி நிறையச் சாப்பாடு இருக்கிறது. தண்டனை முழுவதும் மானுக்குத்தான். அதனால்தான் இன்றைக்கு அம்பைத் தேர்ந்தெடுப்பது அன்றைக்கைவிட நேர்மையாகச் செய்ய வேண்டிய காரியம் என்கிறேன்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சரிதான், அம்பை நோக வேண்டாம். ஆனால் அந்த அம்பை அத்தனை அம்புகளுக்கு நடுவிலிருந்து கையில் எடுத்தவனும் எய்தவன்தான். நாணை விடும் நொடியில் அல்ல, கடையில் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போதே அவன் பொறுப்பு தொடங்கிவிடுகிறது.

 பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள், உந்தமும் தொய்வும் அவர்கள் பாடத்திலேயே இருக்கின்றன.